நுவரெலியாவில் ஒரு கீற்று வெயில்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் அக்கா மண்சரிவில் செத்துவிட்டாள் என்று, அங்கிருந்து திரும்பிய ஒருவர் எங்கள் ஊரில் சொல்லிவிட்டார். அக்காவுக்கு எழுதத் தெரியாது. அவள் உயிரோடு இருப்பதாகப் பிறர் எழுதிப் போட்ட கடிதங்களை அம்மா நம்பவில்லை. நான் போய்ப் பார்த்து வருகிறேன் என்றேன்.

"நீ ஊர் சுத்துறவன், வாய்க்கு வந்ததச் சொல்லுவ. அவ மொகத்தப் படம் புடிச்சுக் கொண்டா" என்றாள் அம்மா.

தனுஷ்கோடியில் கப்பலேறி, ரயிலில் நின்றபடியே மலையேறி, தலவாக்கலைக்கு மேலே அக்காவைக் கண்டுபிடித்தேன். தொழிலாளர்களுக்கான வரிசை வீடாகிய லயத்தில் ஒரே அறை. அவள், மாமா, இரண்டு பிள்ளைகள், நான், எல்லோரும் அடுப்பைச் சுற்றிப் படுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் நுவரெலியாவுக்குக் கிளம்பினோம். கொழுந்து மிஞ்சியதால் அன்றும் வேலை வைத்திருந்தார்கள். கங்காணி வழிமறித்தார்.

"சீலை பளபளங்குது. கொழுந்து பறிக்க மலைக்கு யாரு போவா?"

"நான் உசுரோட இருக்கேன்னு எங்கம்மாவுக்குக் காட்டப் போறேன், கங்காணி."

"எனக்குத் தெரியுமே. தெனம் உன் வாயக் கேக்குறேனே!" சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

படம் பிடிக்கும் கடைக்குக் கண்ணாடிக் கூரை. வெயில் அடித்தால்தான் படம் விழும் என்றார் கடைக்காரர். வானமோ சாம்பலாகக் கிடந்தது. அதுவரை ஊரைச் சுற்றினோம். இத்தனை வருஷத்தில் அக்காவும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. குதிரைப் பந்தயத் திடலைக் கண்டதும், "இவ்வளவு புல்லு, ஒரு மாடுகூட மேயலையேடா" என்றாள். ஏரியோரம் நின்றபோது பளிச்சென்று வெயில். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கடைவாசலை மிதிக்கவும் வானம் மூடிக்கொண்டது. மார்க்கெட்டில் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் கட்டுகளை வேடிக்கை பார்க்கையில் மறுபடி வெயில், மறுபடி ஓட்டம், மறுபடி இருட்டு. தபால் ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அக்கா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனி எந்திரிக்க மாட்டேன். வெயிலு என்னையத் தேடி வரட்டும்."

"கடைசி பஸ் போயிருமேக்கா."

"போனா நடப்போம்."

பஸ்சுக்குக் கொஞ்சம் முன்னால் கூரை வெளுத்தது. கடைக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

அடுத்த வாரம் படத்தை வாங்க நான் மட்டும் போனேன். அக்காவுக்கு மூக்குச் சுருங்கி, ஒரு கண் மூடியிருந்தது. கெட்டுப்போயிற்று, இன்னொன்று எடுக்கலாம் என்றார் கடைக்காரர். இன்னொரு வெயிலுக்கு யார் காத்திருப்பது? அதையே சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடல் தாண்டினேன்.

அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நான் வாயெடுத்தேன். "நீ சும்மா இரு" என்றாள். பிறகு கத்தினாள்.

"வெயிலு பட்டா ஒத்தக் கண்ண மூடுவா. எம் மவதான்!"

படத்தோடு தெருவில் இறங்கிவிட்டாள். அக்கா செத்துப்போனாள் என்று சொன்னவர் வீட்டு வாசலில்தான் முதலில் போய் நின்றாள்.