எந்தக் குரோட்டன்?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் குரோட்டன் என்றால் ஒன்றுதான்: முற்றத்துச் சாடிகளில் நின்ற, மஞ்சளும் சிவப்பும் தெளித்த இலைச்செடி. என் மிஷன் பள்ளிக்கூடத்து ரீச்சர்தான் அதைக் குழப்பினார். ரயில் பாதையோரம் நின்ற ஒரு புதர்ப் பற்றையைக் காட்டி, உண்மையான குரோட்டன் சாதி இதுதான், சாடியில் நிற்பது வேறு என்றார். அன்றிலிருந்து நான் பெரிய கெட்டிக்காரி. கண்ட பற்றைக்கெல்லாம் காட்டுக் குரோட்டன் என்று பெயர் வைத்தேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு நாலு. சோறு கறி ஆக்கி விளையாடியபோது ரயில் பாதையோரப் பற்றையில் பிடுங்கிய விதைகளைப் பருப்பு என்று அவளுடைய சிரட்டையில் போட்டவள் நான். அவள் உண்மையாகவே தின்றுவிட்டாள். பின்னேரம் வாந்தி நிற்கவில்லை. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓட, நானும் பின்னால் ஓடினேன்.

"என்னத்தைத் திண்டவள்?" என்று டொக்டர் கேட்டார்.

"குரோட்டன் விதை" என்றேன். நான் கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை.

அவர் முகம் மாறிவிட்டது. "எந்தக் குரோட்டன், பிள்ளை? நேர்வாளமும் ஒரு குரோட்டன்தான். அதெண்டால் உயிருக்கே ஆபத்து. ஓடிப்போய்க் காயோடை ஒரு கொப்பு முறிச்சுக்கொண்டு வா."

ஓடினேன். காட்டுக் குரோட்டன் வெயில் விழுகிற சரளை நிலத்தில் நிற்கும், இலையைக் கசக்கினால் மணக்கும், பழுத்த இலை செம்மஞ்சளாகும் என்று ரீச்சர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் ரயில் பாதையோரம் சரளையில் ஒன்று நின்றது, கால்வாய்க் கரை நிழலில் இன்னொன்று. இரண்டிலும் காய் மூன்று பிரிவு. கசக்கிக் கசக்கி என் விரல்களே மணத்தன, எது எந்த மணம் என்று தெரியவில்லை. ரயில் கடவைக் காவற்காரரிடம் சிங்களத்தில் கேட்டேன். இரண்டையும் பார்த்து, இரண்டுக்கும் ஒரே சிங்களப் பெயரைத்தான் சொன்னார்: "கெப்பெட்டியா." எனக்கு அழுகை வந்தது. நான் விதை பிடுங்கியது எதில்? இரண்டிலும் முறித்துக்கொண்டு திரும்பினேன்.

டொக்டர் காய்களைப் பிளந்து, வாந்தியில் வந்த விதையோடு வைத்து நெடுநேரம் பார்த்தார். "நேர்வாளம் இல்லை" என்றார். பிறகு, "இல்லையெண்டுதான் நினைக்கிறன். விடியும்வரைக்கும் இஞ்சை இருக்கட்டும்."

விடிந்தபோது தங்கச்சி கஞ்சி கேட்டாள். எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் அம்மா கேட்டார்: "ஆரடி உனக்கு உந்த விதையைத் தந்தது?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "ஒருத்தரும் தரேல்லை. நானாத்தான் எடுத்தனான்."

வாயைத் திறக்க நினைத்தேன். அதற்குள் அம்மா அவளுடைய கையில் ஒரு அடி போட்டுவிட்டார். அவள் அழவில்லை.