கொலைகாரனுக்கு எதற்குப் பட்டை

பீர்மேட்டில் ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர், சாவியைத் திருப்புமுன் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொள்வார். எங்கள் எஸ்டேட்டில் எடுத்த மலையாள க்ரைம் படத்தில் கொலைகாரனாக வந்தபோது மட்டும் வெறும் நெற்றி. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஜீப்பிலேயே கேட்டுவிட்டேன்.

“சினிமாவுக்காகத் திருநீற அழிக்கலாமாண்ணே?”

“பட்டையோட நின்னாத்தான் தமிழன்னு தெரியும்னு டைரக்டர் சொன்னாரு. படத்துல வேற தமிழனே கெடையாது தம்பி, கொல்றவன் மட்டுந்தான். சாமியையும் எதுக்கு அதுல இழுக்கணும்னு தொடச்சுட்டேன்.”

“நடிக்க மாட்டேன்னு சொல்லிருக்கலாமே?”

“வேற எவனாச்சும் பட்டையோட நின்னிருப்பான்.”

சினிமா ஆசையில் சாமியை விட்டவர் என்று தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலெல்லாம் அதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். தினமும் கோயிலுக்குப் போகிறேன். சொன்னதை மாற்றிச் சொல்ல இன்னும் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.