பின் சீட்டு

ஒன்பது மணிக்குத் தொலைபேசியைத் தொடுவதற்கு முன், அன்ஷல் வீடர் காப்பிக் கோப்பையை விரலால் துழாவி இடப்பக்கம் தள்ளுவார். கைத்தடியை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே நிறுத்திக்கொள்வார். பிறகு பொத்தான்களைத் தடவித் தடவி அழுத்துவார்.

மறுமுனையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாராவது இருப்பார்கள். பென்சில்வேனியாவின் அந்த மலையூரில் யூத வீடுகள் ஐம்பதுகூடத் தேறாது. அவர்களில் யார் படுத்தாலும் அன்ஷலின் பட்டியலில் பெயர் ஏறிவிடும். நலம் விசாரிப்பு அரை நிமிடம்தான். அடுத்து, மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்வார். இருட்டுப் பள்ளத்தாக்கு வந்து, ஆண்டவரின் கோலும் தடியும் தேற்றுகிற இடம் வந்ததும் தரையில் இரண்டு தட்டு தட்டுவார்.

"கேட்டுச்சா? அவர் ஓட்டறார். நாம பின் சீட்டு. சும்மா உக்காந்து வா."

வைத்துவிடுவார். பதில் கேட்கும் வழக்கம் கிடையாது.

இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். சர்க்கரை நோய் ஐம்பத்தெட்டு வயதில் வலக்கண்ணையும் அடுத்த வருடமே இடக்கண்ணையும் எடுத்துக்கொண்டது. இப்போது எழுபத்து நான்கு. "இவரு பின் சீட்டுல சும்மா உக்காந்து நான் பார்த்ததே இல்ல," என்பாள் அவர் மனைவி பெய்லா. "டாக்சில ஏறினா டிரைவருக்கு வழி சொல்வாரு. கண்ணு தெரியாம!"

வீட்டு வாசலிலிருந்து ஜெபக்கூடம் அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி, எண்ணி வைத்திருந்தார். தபால் பெட்டி, வேலிக் கம்பம், சலவைக் கடையை ஒட்டிய சரிவு என்று எல்லாம் தடிக்குத் தெரியும். யாராவது உதவிக்குக் கையைப் பிடித்தால் ஈயை உதறுவதுபோல் உதறுவார். போன குளிர்காலத்தில் அந்தச் சரிவில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. திருகாணி போட்டு எட்டு வாரம் கிடந்தார். எழுந்த பிறகும் தனியாகத்தான் போனார். பயமா என்று கேட்டவர்களிடம் சிரித்தார். கையுறையைத் துவைக்கும் பெய்லாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். பனிக்காலத்திலும் அதன் உள்ளங்கையில் வியர்வை உப்புப் பூத்திருக்கும்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பனிக்கட்டி மழை பெய்தது. மாலையில் ஜெபக்கூடத்து குருவான ரப்பி தொலைபேசியில் அழைத்தார். ஊரைச் சுற்றிக் கம்பங்களில் ஓடும் எல்லைக் கம்பியின் மேல் மரக்கிளை விழுந்து அது அறுந்துவிட்டதாம். கம்பி முழுதாக இருக்கும்வரை ஊர் ஒரே வீட்டு முற்றம்போல. ஓய்வுநாளிலும் பொருளை எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கலாம். அறுந்துவிட்டால் கைக்குட்டைகூடக் கூடாது. பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குள் அதைச் சரிசெய்ய ஆளில்லை. நொண்டிக்குத் தடி கால் மாதிரி, கொண்டுபோகலாம். குருடனுக்கு அது சுமை, ஏனென்றால் அவன் கால்கள் நடக்கும். பழைய சட்டம் அது. "வீட்டுலயே இருங்க, குத்தமே இல்ல," என்றார் ரப்பி.

"சட்டமே லீவு குடுத்துடுச்சு பெய்லா," என்றார் அன்ஷல். அன்றிரவு சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். பெய்லா அவர் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஸெலிக் ராட்மன் வந்து கதவைத் தட்டினார். மெத்தைக் கடைக்காரர். ஜெபக்கூடத்து ஜன்னல் ஒன்றை அவர் திறப்பதும் அன்ஷல் மூடுவதுமாகப் பதினோரு வருடச் சண்டை இருவருக்கும். மூன்று வாரம் முன்பு ஸெலிக்கின் தாயார் இறந்துபோனார். கடைசி நாளன்று அன்ஷல் வழக்கம்போல ஆஸ்பத்திரிக்கு அழைத்து, தட்டி, பின் சீட்டைப் பற்றிச் சொன்னார். ஸெலிக் தொலைபேசியைப் பிடுங்கி, "எங்கம்மா செத்துக்கிட்டிருக்கா, நீ டிக்கெட் கிழிக்கிறியா?" என்று கத்திவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

இறந்தவருக்காகப் பிள்ளை சொல்லும் கதீஷ் துதிக்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும். ஸெலிக் இதுவரை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

"ஒம்பது பேருதான் இருக்கோம்," என்றார், காலிலிருந்த பனியை உதறாமலே. "பாதி ஃப்ளோரிடாவுல. மீதி வழுக்குதுன்னு வரல."

"எனக்கும்தான் வழுக்கும்."

"நீதான் பின் சீட்டுல உக்காந்து வர்ற ஆளாச்சே."

பெய்லா சூட்டுத் தட்டின் மேலிருந்த பானையின் மூடியைத் திறந்து, எதையும் பார்க்காமல் மூடினாள்.

"விழுந்தா நீ தூக்குவியா?"

"மெத்தை தூக்கின உடம்புய்யா இது."

 அன்ஷல் கோட்டைக் கேட்டார். கையில் எதையும் கொண்டுபோகக் கூடாதென்பதால் ஜெபச் சால்வையைக் கோட்டுக்குள்ளேயே போர்த்திக்கொண்டார். கதவோரக் கொக்கியில் தொங்கிய தடியை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே இறங்கினார்.

ஸெலிக் அவர் புஜத்தைக் கொத்தாகப் பற்றி முன்னால் தள்ளினார்.

"தள்ளாதேய்யா! நான் என்ன மெத்தையா? நீ முன்னால போ. உன் முழங்கையை நான் பிடிச்சுக்கறேன், அரை அடி பின்னால வர்றேன். நீ இறங்கினா கை இறங்கும். எனக்குத் தெரிஞ்சுடும்."

இது பார்வையிழந்தவர்களுக்கான தடிப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம். அன்ஷலுக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். ஒருவருக்கும் சொன்னதில்லை.

பனிக்கட்டியில் அடி குறுகியது. இருநூறை எட்டுவதற்குள் கணக்கு குழம்பிவிட்டது. சலவைக் கடையின் சோப்பு வாசனை வந்ததும் நின்றார். முறிந்து சேர்ந்த தொடை நடுங்குவது ஸெலிக்கின் முழங்கைவரை தெரிந்தது.

"என்ன?"

"இரு."

ஸெலிக் நின்றார். தெருவில் யாரும் இல்லை.

"சங்கீதத்தைச் சொல்லேன்யா. ஊருக்கெல்லாம் சொல்றியே."

"வாயைத் திறந்தா விழுந்துடுவேன்."

வேறு வழியில்லாமல் ஸெலிக்கே ஆரம்பித்தார். முணுமுணுப்பாக, கடையில் விலை சொல்கிற குரலில். தண்ணீர் வருகிற அடியை முழுசாக விட்டுவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் அன்ஷல் அதற்கே சண்டை பிடித்திருப்பார். கோலும் தடியும் வந்ததும் ஸெலிக் நிறுத்தினார்.

"தட்டு."

"எதால தட்டறது?"

ஸெலிக் தன் ஷூவால் பனியின் மேல் ஓங்கி இரண்டு முறை மிதித்தார். கால் வழுக்கி இருவரும் ஆடிப்போனார்கள். வேலிக் கம்பம்தான் ஸெலிக்கைக் காப்பாற்றியது.

"முட்டாள்! என்னையும் சேர்த்துக் கொல்லப் பாத்தியே!"

"பத்தாவது ஆளை யாராவது கொல்லுவானா?"

அன்ஷல் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது தொடை நடுக்கமும் குறைந்திருந்தது. முழங்கை ஒரு விரற்கடை தாழ்ந்தது. அவர் காலும் தாழ்ந்தது. அப்படியே, அடி அடியாகச் சரிவு முடிந்தது.

ஸெலிக் கதீஷ் சொன்னார். மற்ற ஒன்பது பேரும் ஆமென் சொன்னார்கள். ஜன்னல் அன்றும் திறந்துதான் இருந்தது. அன்ஷல் கழுத்துத் துணியை இழுத்து விட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பியைக் கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அன்ஷல் கோப்பையைத் தள்ளினார், தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தினார், எண்களை அழுத்தினார். இடுப்பு அறுவைக்குக் காத்திருந்த ஒரு பெண். சங்கீதம் தொடங்கியது. பள்ளத்தாக்கு வந்தது. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெய்லா அந்த இரண்டு தட்டுக்காகக் கத்தியை நிறுத்தினாள்.

சத்தம் வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். தடி முழங்கால்களுக்கு நடுவே சும்மா நின்றது. அன்ஷலின் வலது கை அவருக்கு அரை அடி முன்னால், முழங்கை உயரத்தில், காற்றில் எதையோ பிடித்தபடி விரல் மூடியிருந்தது.