சூரிய விளக்கைக் கழற்றிய நாள்

மலேசியாவில் கிள்ளானுக்கு வெளியே இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு மின்கம்பி வந்ததே இல்லை. 1990 தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு ஆளுங்கட்சிக்காரர்கள் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு எதிரே ஒரு சூரிய விளக்கை நட்டார்கள். பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் அஞ்சலை அந்த வெளிச்சத்தில்தான் விடிகாலையில் சோறு பொங்கினாள்.

தோட்டத்து ஓட்டுகள் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டன. மூன்றாம் நாளே விளக்கைக் கழற்ற ஆளுங்கட்சியின் லோரி வந்தது. ஏணி வைத்து ஏறியவனை அஞ்சலை மறித்தாள்.

"எதிர்க்கட்சிக்குப் போட்டவங்களக் கேளுங்க அக்கா" என்றான் அவன்.

"எனக்குச் சிவப்பு ஐசி கார்டு லா! பிரஜா உரிமையே குடுக்கல, நான் எங்கடா ஓட்டுப் போட்டேன்? வெயிலும் உங்க கட்சியா?"

அவள் ஏணியைப் பிடித்து உலுக்கினாள். இரண்டு பேர் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். தகடும் விளக்கும் லோரியில் ஏறின. காறித் துப்பிவிட்டு, மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்கு நடந்தாள்.