பாஸ் பேட்சுக்குக் காட்டாத சதுரம்

பத்தாவது படிக்கும் என் மகள், பள்ளிக்கூடத்தில் வெட்டிய அட்டைத் துண்டுகளைக் கூடத்துத் தரையில் பரப்பி எனக்குக் கணக்குச் சொன்னாள். வர்க்கப் பூர்த்தி முறை. அந்தப் பெயரைக் கேட்டாலே நான் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவேன்.

x² + 6x = 16. பக்கம் x உள்ள ஒரு சதுரம், அதையொட்டி ஆறு அகலத்தில் ஒரு பட்டை. இரண்டும் சேர்ந்து பரப்பு பதினாறு. பட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கமும் மற்றதைக் கீழேயும் வைத்தாள். பெரிய சதுரம் ஆகிவிட்டது. மூன்றுக்கு மூன்றாக ஒரு மூலை மட்டும் காலி.

"இந்த ஓட்டைய அடைக்கத்தாம்மா ஒன்பது கூட்டுறோம்."

பதினாறும் ஒன்பதும் இருபத்தைந்து. பெரிய சதுரத்தின் பக்கம் ஐந்து, அதில் மூன்று போனால் x இரண்டு. மைனஸ் எட்டும் ஒரு விடைதான், அது படத்தில் வராது என்றாள். இவ்வளவுதானா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்பத்தூரில் நான் போன டியூஷனில் காலையில் நூற்றுக்கு நூறு வாங்கக்கூடியவர்களுக்குச் சென்டம் பேட்ச், சாயங்காலம் தேறினால் போதும் என்பவர்களுக்குப் பாஸ் பேட்ச். நான் சாயங்காலம். பாதியாக்கு, வர்க்கமாக்கு, ரெண்டு பக்கமும் கூட்டு என்று கோரஸாக ஒப்பிப்போம். ஏன் சார் பாதி என்று ஒருநாள் கேட்டேன். "உனக்குக் கணக்கு மண்டை கிடையாதும்மா, ஸ்டெப்ப மனப்பாடம் பண்ணு" என்றார். பெரிய மனுஷர் சொல்கிறாரே என்று நம்பினேன். இன்ஜினியர் ஆசையை மூட்டை கட்டிவிட்டுப் பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்தேன். இன்று அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பில் சரிபார்க்கிறேன். எனக்குக் கணக்கு வராது என்று நானே எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லிவந்திருக்கிறேன்.

கொரட்டூரிலிருந்து என்னோடு தினமும் ரயிலில் பள்ளிக்கு வந்த தோழி சென்டம் பேட்ச். அவளுக்குப் போன் போட்டு அட்டைச் சதுரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அதுவா? எங்களுக்கு சாரு அத நடத்துன மொத நாளே போர்டுல கட்டம் போட்டுக் காட்னாரே."

"எங்களுக்குக் காட்டலையேடி."

"சாயங்கால பேட்ச்சுக்கு சொல்லாதீங்க, அதுங்க கொழம்பிடும்னாரு. இன்னாடி இப்ப, அதெல்லாம் போய் நெனச்சிகினு கீறே?"

வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். வாத்தியார் மேல் இருந்த கோபம்கூட அப்போது சின்னதாகிவிட்டது. சாரிடம் திட்டு வாங்கிய மறுநாள், ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து இவளிடமும் அதே கேள்வியைக் கேட்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் புரியலடி, அப்டியே எழுதிட்டு போ" என்று சொன்னவள் இவள்.