அரை அரிசி நீள ஏணி

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எபினேசர் சாமணத்தைக் கையில் எடுப்பார். புதுவாயல் வெயிலில் முதுகெல்லாம் வியர்வை ஓடும், ஓடட்டும். மேசைமேல் இருப்பது முழ நீள மாதிரிக் கப்பல். அதற்கான கைப்பிடிக் கம்பி, கொக்கி, ஏணி எல்லாம் காகிதம்போல மெல்லிய பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்து வெட்டப்பட்டுக் கடையிலிருந்து வருபவை. பிளேடால் நறுக்கி, மடித்து, மனைவி மோனிகாவின் தையல் ஊசி முனையில் பசை தொட்டு ஒட்டுவார். பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது. "பெருமூச்சு வுட்டாலே பறந்துக்கினு பூடும்" என்பார்.

வேலை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ்ஸில். போன வருடம் அந்த பிரஸ் இறங்கும்போது அவருடைய வலது கை உள்ளே இருந்தது. எதிரில் நின்ற துளசிராமன் பாய்ந்து, பிரஸ்ஸை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தார். "அண்ணன் இல்லன்னா நான் சோத்தப் பெசஞ்சி துன்ன முடியுமா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாளவில்லை எபினேசருக்கு.

துளசிராமனுக்குப் பணி ஓய்வு வந்தது. எல்லாரும் சால்வை வாங்கினார்கள். இந்தக் கையால் செய்ததைத்தான் தருவேன் என்று எபினேசர் கப்பல் வேலையில் உட்கார்ந்துவிட்டார். நடுவில் ஒருநாள் வந்து பார்த்த துளசிராமன், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் ஜோரா கீது நைனா. கீய கீறவன் மேல எப்டி ஏறுவான்?"

"ஏணி கடைசிலதாண்ணா."

அந்தக் கடைசி ஏணிதான் விழா நாள் காலையில் சாமணத்திலிருந்து தெறித்தது. அரை அரிசி நீளம். தகட்டில் வேறு ஏணி கிடையாது. அடுப்படியிலிருந்து வந்த மோனிகா, தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றார். எபினேசர் வேலைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வீடு முழுக்கத் தவழ்ந்தார்; கம்பெனியில் எது விழுந்தாலும் அப்படித்தானே தேடுவார்கள். இரண்டு ஊக்கும் ஒரு ஆணியும் கிடைத்தன. அதன் பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார்: "பித்தள எங்க ஒட்டும்? இரும்புக் கம்பெனி புத்தி!"

மோனிகா செல்போன் விளக்கை எரியவிட்டு, வெளிச்சம் தரையோடு தரையாகப் படரும்படி பிடித்தார். "குனிஞ்சி பாருங்க. துரும்புக்குக்கூட நெழலு நீளமா வுழும்."

கட்டில் காலருகே படிகளோடு ஒரு நிழல் விழுந்தது.

"ஸ்தோத்திரம்!" எபினேசருக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்கும் ஒரு கப்பல் பண்ணித் தரேன் மோனி."

"மொதல்ல ஃபேனப் போடுங்க."

மாலையில் கம்பெனி கேன்டீனில் விழாவுக்கு வந்த கூட்டம் கப்பலைச் சூழ்ந்துகொண்டது. துளசிராமன் மூக்குக்கண்ணாடியை மாட்டி, குனிந்து தேடி, ஏணியைக் கண்டுபிடித்தார். "ஏறிடுவான்" என்றார். பிறகு கப்பலை விட்டுவிட்டு, எபினேசரின் வலது கையைத் தன் பக்கம் இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார்.