செல்லக்கனி எழுந்து நின்ற ஞாயிறு

எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆளைக் கூப்பிட்டால் எல்லோருக்கும் வேலை இருக்கும். கெட்டதாக ஒன்று சொல்லக் கூப்பிட்டால் சோற்றில் கை வைத்தவன்கூட எழுந்து வருவான். நானும் இந்த ஊர்க்காரன்தான். இராஜாக்கமங்கலம் பக்கம், கடலுக்குக் கொஞ்சம் முன்னால். அதனால் திட்ட எனக்கு உரிமை உண்டு. செல்லக்கனியை இந்த ஊர் என்ன செய்தது, பதிலுக்கு அவள் என்ன செய்தாள் என்று சொல்கிறேன். அவள் செய்தது சரியா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு இனித்தது.

செல்லக்கனிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கணவர் இறந்த பிறகு, வீடு தேடி மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தாள். பிரஷருக்கும் சுகருக்கும் உள்ள மாத்திரைகளைச் சுகாதார நிலையத்திலிருந்து வாங்கி, அங்கே வரை நடக்க முடியாத வயசாளிகளின் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தோம் வந்தோம் என்று இருக்க மாட்டாள். விழுங்குகிற வரை நிற்பாள். விழுங்காதவர்களை அவள் திட்டுகிற திட்டில் அடுத்த வீட்டுக்காரருக்கும் பிரஷர் ஏறும். தலையணைக்கு அடியிலும் பைபிளுக்கு உள்ளேயும் கிடக்கும் தேதி முடிந்த பழைய அட்டைகளை, தெரியாமல் விழுங்கிவிடுவார்களே என்று பிடுங்கிக்கொண்டு போவாள். அவையெல்லாம் ஒரு துணிப்பையில் சேர்ந்து அவளுடைய ஸ்கூட்டியின் முன்னால் தொங்கும். மாசக் கடைசியில் சுகாதார நிலையத்தில் ஒப்படைத்துவிடுவாள்.

அந்தப் பையைத்தான் ஷாஜன் படம் பிடித்தான்.

ஷாஜன் எங்கள் சபைப் பையன். என்ஜினீயரிங் படித்து, துபாய் போய், அங்கே சரிப்படாமல் திரும்பி வந்து, செல்போன் கடை மாடியில் ஓர் அறை பிடித்து யூடியூபில் செய்திச் சேனல் நடத்துகிறான். டீக்கடை வாசலில் ஸ்கூட்டி நின்றபோது பையைத் திறந்து, அட்டைகளில் இருந்த தேதியை ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் காட்டினான். யாரையோ திட்டிக்கொண்டிருந்த செல்லக்கனியின் முகத்தை அப்படியே நிறுத்தி, பின்னால் இடி முழக்கம் வைத்தான். தலைப்பு: ‘வீடு தேடி வருவது மருந்தா, விஷமா?’

சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லார் போனிலும் அந்த இடி முழங்கியது. மறுநாள் செல்லக்கனி போன வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில், “இஞ்ச ஆளில்ல” என்று உள்ளேயிருந்து அந்த வீட்டுக்காரியே சொன்னாள். அதிகாரிகள் வந்து விசாரித்து, அவள்மேல் தப்பு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை யார் படம் பிடித்தார்கள்? யார் இடி வைத்தார்கள்?

அவளுக்குப் பெரிய அடி பொன்னுலிங்கம் வீட்டில் விழுந்தது. பனையேறி ஓய்ந்த மனிதர். நெற்றியில் நாமம் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. செல்லக்கனி திட்டினால் சிரித்துக்கொண்டே விழுங்குவார். அந்த வீடியோவுக்குப் பிறகு அவருக்கும் மாத்திரை நின்றது. கொஞ்ச நாளில் பிரஷர் எகிறி, ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போயிற்று. பார்க்க ஓடிய செல்லக்கனியை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அவர் மனைவி சொர்ணம்மாள் பிடித்துக்கொண்டாள். “நீ தந்த மருந்துதாண்டி எனக்க மனுசனைக் கெடத்திச்சு. நீ நல்லா இருப்பியா?” என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். இருபது வருசமாக அக்கா, தங்கச்சி என்று பழகியவர்கள் இருவரும்.

அங்கிருந்து நேராக ஷாஜனின் மாடி அறைக்கு ஏறினாள்.

“ஏலே, நான் விஷம் குடுத்ததை நீ கண்டியா?”

“சித்தி, நான் எங்க அப்படிச் சொன்னேன்? கேள்விதானே கேட்டேன். கேள்வி கேக்கது மீடியாவுக்க வேலை. பதில் சொல்லுகது உங்க பொறுப்பு” என்றான் அவன், நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு.

செல்லக்கனி ஒன்றும் பேசாமல் இறங்கி வந்தாள். அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது அந்த மடையனுக்குத் தெரியவில்லை. என்னிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: “கர்த்தர் பாத்துக்கிடுவாருன்னு எல்லாரும் சொல்லுகாவ. அவருக்கு ஆயிரம் வேலை. இதை நானே பாத்துக்கிடுகேன்.”

காத்திருந்தாள். ஷாஜனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜெபசீலனின் மகள், பிரீனா. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்கு நியாயமான தடை உண்டென்று யாருக்காவது தெரிந்தால் தெரியப்படுத்துங்கள் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டு மூச்சுவிடாமல் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். நான் பிறந்த நாள் முதல் ஒருவரும் எழுந்ததில்லை.

முதல் ஓலை அன்று செல்லக்கனி எழுந்தாள்.

நான் அவளுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் இருந்தேன். வெள்ளைச் சேலை, முக்காடு, கையில் பாட்டுப் புத்தகம். குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

“ஐயா, இந்தப் பையனுக்க விசயமெல்லாம் பொண்ணு வீட்டுக்குத் தெரியுமா?”

போதகருக்கு வியர்த்துவிட்டது. “என்ன விசயம் அம்மா?”

“நான் ஒண்ணும் சொல்லல்ல ஐயா. கேள்விதான் கேட்டேன்.” உட்கார்ந்துவிட்டாள்.

அத்தனை தலையும் ஷாஜன் பக்கம் திரும்பியது. அவன் எதை மறுப்பது? சொன்னால்தானே மறுக்க முடியும். அந்த முகத்தைப் பார்க்க நான் காணிக்கை இன்னொரு தடவை போட்டிருப்பேன். ஆராதனை முடிந்து வாசலைத் தாண்டுமுன் அவனுக்குத் துபாயில் ஒரு பெண்டாட்டி இருந்தாள். மத்தியானம் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. சாயங்காலம் அவன்மேல் அங்கே வழக்கும் இருந்தது. செல்லக்கனி சுட்ட மீனும் சோறும் தின்றுவிட்டு நன்றாகத் தூங்கினாள். இருட்டுவதற்குள் செய்தி மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்து, ஜெபசீலன் போனில் கத்தினார்.

மறுநாள் காலை ஷாஜன் அவள் வீட்டு முற்றத்தில் நின்றான்.

“சித்தி, எனக்க வாழ்க்கையே போச்சு. பிரீனா போன் எடுக்க மாட்டேங்கா. அப்படி ஒண்ணும் இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“எனக்க முகத்தைப் போட்டு இடி முழக்கினியே, அதுக்கு நீ ஒரு வார்த்தை சொல்லு மொதல்ல.”

அன்றைக்கே மறுப்பு வீடியோ போட்டான். இடி இல்லை, ஒன்றும் இல்லை. அழுவது மாதிரி முகம். ஊரில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. திற்பரப்பு அருவியில் எவனோ வழுக்கி விழுந்த வீடியோவைத்தான் அன்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தியா மக்கா, உண்மைக்கு ஆளில்ல” என்றாள் செல்லக்கனி. “ரெண்டாம் ஓலை வருக ஞாயிறு. நான் அதே பெஞ்சுல இருப்பேன். அதுக்குள்ள எனக்க மாத்திரைப் பையைத் தோளில போடு. வீடு வீடா வந்து உனக்க வாயால சொல்லு.”

அந்த வாரம் முழுக்க ஊர் அதை வேடிக்கை பார்த்தது. முன்னால் அவள், பின்னால் பையோடு அவன். ஒவ்வொரு வாசலிலும், “நான் போட்டது பொய். சித்தி குடுத்தது நல்ல மாத்திரை” என்று சொல்ல வேண்டும். முணுமுணுத்தால், “கேக்கல்ல, நல்லா சொல்லு” என்பாள். கதவைச் சாத்தியவர்களெல்லாம், “நாங்க அப்பவே நம்பல்ல பிள்ளே” என்று கூசாமல் சொல்லிக் கையை நீட்டினார்கள். அவர்களையும் அவள் விடவில்லை. “ஆளில்லாத வீட்டில இப்பம் ஆள் வந்தாச்சோ?” என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுத்தாள். நான் வேலைக்குப் போகாமல் பின்னாலேயே நடந்தேன்.

பொன்னுலிங்கத்தின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். சபித்த வாய் அதைத் திரும்பப் பெற வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

பொன்னுலிங்கம் கட்டிலில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிந்தது. சொர்ணம்மாள் அவர் நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

“சொல்லுலே” என்றாள் செல்லக்கனி.

ஷாஜன் சொன்னான். இந்த முறை சத்தமாகவே சொன்னான். பையில் இருந்தவை திரும்ப வாங்கிய பழைய அட்டைகள் என்றும், இவருக்குக் கொடுத்தவை நல்ல மாத்திரைகள் என்றும், தான் அறிந்தே சொல்லாமல் விட்டதாகவும் சொன்னான்.

சொர்ணம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

“இவரு கேட்டாரே” என்றாள் மெல்ல. “செல்லக்கனி தப்பு செய்ய மாட்டா, எடுத்துத் தாயேன்னு கேட்டாரே. நானாக்கும் கையில இருந்து பிடுங்கிக் கெணத்தில எறிஞ்சது. அழுதாரு, நான் குடுக்கல்ல. அப்பம்… நானா?”

நாமக்கட்டி அவள் கையிலிருந்து கட்டிலில் விழுந்தது. நான் சுவரைப் பார்த்தேன். செல்லக்கனி இத்தனை மாதம் காத்திருந்த வார்த்தை அவள் காலடியில் வந்து நின்றது. ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் போதும்.

“அக்கா” என்றாள் செல்லக்கனி. “இவன் பேச்சை நம்பாதே. நான் மிரட்டிச் சொல்ல வச்சேன். அந்த மாசம் வந்த மாத்திரையில எனக்கே சந்தேகம் இருந்திச்சு. நீ எறிஞ்சது நல்லதுதான். அதைத் தின்னிருந்தா மனுசன் இன்னைக்கு இருக்க மாட்டாரு.”

சொர்ணம்மாளின் முகத்தில் உயிர் மெதுவாகத் திரும்பி வந்தது. அதோடு கோபமும் வந்தது.

“அப்பம் தெரிஞ்சே குடுத்தியா? வெளிய போடி. இனி இந்த முற்றத்தில உனக்க காலு படக்கூடாது.”

செல்லக்கனி வெளியே வந்தாள். படலைத் தாண்டியதும் ஷாஜன் உடைந்து அழுதான். “சித்தி, என்னை மன்னிச்சிருங்க” என்று காலைத் தொடக் குனிந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டு, அவன் தோளிலிருந்த பையைப் பறித்தாள்.

“போய்க் கல்யாணம் கழி. நான் இனி எழும்ப மாட்டேன். ஆனா மன்னிப்பு மட்டும் கேக்காதே. உனக்க பொய்யை இந்த ஒரு வீட்டில நான் சாகது வரைக்கும் காப்பாத்தணும்.”